கணவாய்ப் பிரட்டலும் இமாம் ஷாஃபியும்

கணவாய் சாப்பிடலாமா, கூடாதா? பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கரையோர ஊர்களை வேராகக் கொண்ட மரைக்காயர் வீட்டில் இது ஒரு கேள்வியே அல்ல. நாசி கண்டார் கடைக்குப் போனால் கணவாய்ப் பிரட்டலையும் சேர்த்தே ஊற்றச் சொல்வார்கள். உள்நாட்டு ராவுத்தர் வழிவந்தவர், அதிலும் பழைய நூல்களைக் கறாராகப் பின்பற்றுகிறவர், நண்டையும் கணவாயையும் தொடமாட்டார். இறாலைச் சேர்க்கலாமா என்பதில் அவருடைய ஆலிம்களே, அதாவது சமய அறிஞர்களே, இரண்டுபட்டுப் பேசுவார்கள்.

சுங்கை பாக்காப்பிலோ ஜார்ஜ்டவுன் சூலியா தெருவிலோ ஒரு சாப்பாட்டு மேசையில் இன்று எழும் இந்த வேறுபாடு ஏறத்தாழ 1,200 ஆண்டு பழையது. கூஃபாவில் தொடங்கிய ஒரு சிந்தனை மரபும், மக்கா, மதீனா, பக்தாத், எகிப்து என்று சுற்றி உருவான இன்னொரு மரபும் இந்தத் தட்டில் சந்திக்கின்றன.

கூஃபா மரபின் தலைவர் இமாம் அபூ ஹனீஃபா. பட்டு வணிகர். கலீஃபா அல் மன்சூர் நீதிபதிப் பதவி கொடுத்தபோது ஏற்க மறுத்தார். சிறையில் அடைக்கப்பட்டு 767இல் பக்தாதில் மறைந்தார். அதே ஆண்டில் காஸாவில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தையை இளமையிலேயே இழந்து, மக்காவில் வறுமையில் தாயின் அரவணைப்பில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் இமாம் ஷாஃபி. மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பாடம் கேட்டார். பக்தாதில் அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மது ஷைபானியோடு வாதம் செய்தார், அவரிடமிருந்து கற்கவும் செய்தார். கடைசியில் எகிப்துக்குப் போய் 820இல் அங்கேயே அடங்கினார்.

ஷாஃபி செய்த பெரும்பணி, சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு முறையை வகுத்ததுதான். முதலில் குர்ஆன். அடுத்து நபியின் நடைமுறை. பிறகு அறிஞர்களின் ஒருமித்த கருத்தான இஜ்மா. அதிலும் விடை கிடைக்காவிட்டால், தெரிந்த ஒன்றோடு தெரியாததை ஒப்பிட்டு முடிவு காணும் கியாஸ். திராட்சை மது விலக்கப்பட்டது. காரணம் அது மதியை மயக்குவது. ஆகவே மதியை மயக்கும் எதுவும் அதே தீர்ப்புக்குள் வரும் என்று காட்டுவது கியாஸுக்கு எளிய உதாரணம். நினைத்தவர் நினைத்தபடி தீர்ப்புச் சொல்வதற்கு இந்த முறை அணை போட்டது. எகிப்துக்குப் போன பிறகு, தாமே பக்தாதில் சொன்ன பல தீர்ப்புகளை அவர் மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் அவருடைய மாணவர்கள் பதிவு செய்து வைத்தார்கள். தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் துணிவை ஒரு சட்டமரபே மறைக்காமல் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய விஷயம்.

ஏமன், ஹதரமவுத் துறைமுகங்களிலிருந்து கடல்வழியே வந்த அரபு வணிகர்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது அவருடைய சட்டமரபை, சோழமண்டலக் கரைக்கும் மலாய் உலகுக்கும் கொண்டுவந்தார்கள். தரைவழியே வட இந்தியாவைக் கடந்து வந்தது, உள்நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் அபூ ஹனீஃபாவின் ஹனஃபி மத்ஹபு. அதனால்தான் கடலோர மரைக்காயருக்கும் மலாய்க்காரருக்கும் ஒரே மத்ஹபு. விடியற்காலைச் சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவது ஷாஃபி வழக்கம். ஹனஃபிகள் அந்தத் தொழுகையில் ஓதுவதில்லை. மாலை அஸர் நேரம் ஹனஃபிக் கணக்கில் சற்றுத் தாமதமாகத் தொடங்கும். என்றாலும் ஒரே இமாமின் பின்னால் இருவரும் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். ஒருவர் மற்றவரை வழிதவறியவர் என்று சொல்வதில்லை. கருத்து வேறுபாட்டைச் சட்டத்துக்குள்ளேயே அனுமதித்த அந்தப் பழைய அறிஞர்களின் பெருந்தன்மை இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது.

பினாங்கில் இஸ்லாமியச் சட்டம் கல்லாகவும் நிற்கிறது. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுக்க, தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவரான கப்பித்தான் காதர் மைதீன் எழுப்பிய பள்ளிவாசல்தான் இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பள்ளிக்கும் அடக்கத்தலத்துக்கும் ஏழை எளியவருக்கும் என்று எழுதிவைத்த சொத்தை விற்கவோ வாரிசுகள் பங்கு பிரிக்கவோ கூடாது என்பது வக்ஃபு விதி. அந்த விதியின் நிழலில்தான் ஜார்ஜ்டவுனின் இந்தப் பகுதி வளர்ந்தது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஷரீஅத்தின்படி ஒருவர் தம் விருப்பம்போல் உயில் எழுத முடிவது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே. மீதி மனைவி, மகன், மகள் என்று விதித்த பங்குகளாகப் பிரிய வேண்டும். 1871இல் பினாங்கு நீதிமன்றத்துக்கு வந்த ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில், ஒரு முஸ்லிமின் உயிலுக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பானது. வாரிசுகளின் பங்கைக் காப்பதற்காக வகுத்த ஒரு விதி இப்படிக் காலனி நீதிமன்றத்தில் தோற்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

சட்டம் செயலைப் பற்றியது. நம்பிக்கையைப் பற்றிய கேள்விகளுக்கு வேறு ஒரு களம் உண்டு. அது சூடான களம்.

மலேசியாவில் பிற்பகல் சமய வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்த்து, இறைவனின் இருபது ஸிஃபத்துகளை, அதாவது பண்புகளை, மனப்பாடம் செய்கிறார்கள். இருத்தல், தொடக்கமின்மை, அழிவின்மை என்று போகும் வரிசை. இதை இந்த வடிவில் தொகுத்தவர் 15ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் திலிம்ஸான் நகரில் வாழ்ந்த இமாம் சனூஸி. ஆனால் அதன் பின்னால் இருப்பது பஸ்ராவிலும் பக்தாதிலும் நடந்த நீண்ட போராட்டம். இறைவன் ஒருவன் என்றால் அவனுடைய அறிவு, பேச்சு, ஆற்றல் ஆகியவை அவனிலிருந்து வேறானவையா? குர்ஆன் அவனுடைய பேச்சு என்றால் அது படைக்கப்பட்டதா, என்றும் உள்ளதா? முஃதஸிலாக்கள் என்ற பகுத்தறிவு வாதிகள் படைக்கப்பட்டது என்றார்கள். 833இல் கலீஃபா அல் மஃமூன் அதையே அரசின் கொள்கையாக்கி, ஆலிம்களை அழைத்து விசாரிக்கத் தொடங்கினார். ஷாஃபியிடம் பாடம் கேட்டிருந்த அஹ்மத் இப்னு ஹம்பல் ஒப்புக்கொள்ள மறுத்தார். அடுத்து வந்த கலீஃபாவின் காலத்தில் கசையடி விழுந்தும் அவர் சொல் மாறவில்லை. பகுத்தறிவின் பெயரால் பேசியவர்களே சாட்டையைக் கையில் எடுத்தார்கள் என்பது அந்த வரலாற்றின் வேதனை.

அந்தப் பிளவுக்கு ஒரு நடுவழி கண்டவர் பஸ்ராவின் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ. ஏறக்குறைய நாற்பது வயது வரை முஃதஸிலாக் கூட்டத்தில் இருந்து, பிறகு விலகி வந்தவர். வேதம் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதைத் தர்க்கத்தால் நிறுவுவது அவர் வழி. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் மலாய்க்காரரும் தமிழரும் நம்பிக்கையில் பெரும்பாலும் அஷ்அரீகளே. சுங்கை பாக்காப்பில் ஒரு சிறுமி இருபது ஸிஃபத்தையும் தவறில்லாமல் ஒப்பிக்கும்போது அந்தப் பழைய வாதத்தின் முடிவைத்தான் ஒப்பிக்கிறாள்.

தர்க்கம் என்றதும் மெய்யியலாளர்களைச் சொல்லாமல் முடியாது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டுவர, அல் கிந்தி, அல் ஃபாராபி, இப்னு ஸீனா ஆகியோர் அவற்றின் மேல் புதிய சிந்தனையைக் கட்டினார்கள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி அவர்களைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவருக்கு ஸ்பெயினிலிருந்து இப்னு ருஷ்து மறுப்பு எழுதினார். கஸ்ஸாலியோடு மெய்யியல் செத்துவிட்டது என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. இந்தியாவின் பல அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் ‘ஈஸாகோஜி’ என்ற தர்க்க நூலைப் படித்துத்தான் ஆலிமானார்கள். அதன் வேர் அரிஸ்டாட்டிலின் அளவையியலுக்கு அறிமுகமாகப் போர்ஃபிரி எழுதிய கிரேக்க நூல்.

அந்தக் கஸ்ஸாலி 1095இல், பக்தாதின் மிக உயர்ந்த ஆசிரியர் பதவியில் இருந்தபோதே, அத்தனையையும் விட்டு வெளியேறினார். வாதத்தில் வெல்லத் தெரிந்தவருக்கு மனம் அமைதி பெறவில்லை. அவர் திரும்பியது தஸவ்வுஃப் என்னும் ஞானவழிக்கு. அன்புக்காகவே இறைவனை வணங்கிய பஸ்ராவின் ராபியா, நிதானத்தின் பாதையைச் சொன்ன ஜுனைத், 922இல் மரணதண்டனை பெற்ற ஹல்லாஜ் என்று அதற்கு முன்பே நீண்ட மரபு இருந்தது. சட்டமும் ஞானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று நிலைநாட்டியது கஸ்ஸாலியின் பெரும்பணி.

சூலியா தெருவில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா அந்த ஞான மரபின் பினாங்குக் கிளை. நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகக் கடலோடித் தமிழர்கள் கட்டியது. அவரது உடல் இங்கே இல்லை. கப்பலேறுமுன் அவரை வேண்டிக்கொண்டு வந்தவர்களின் நன்றிதான் இங்கே இருக்கிறது. மரபுப்படி ஆண்டவரின் ஆசான் குவாலியரின் முஹம்மது கௌஸ். யோகப் பயிற்சிகளைப் பற்றிய ஒரு நூலைப் பாரசீகத்தில் ஆக்கியவர் அவர். ஜமாதுல் ஆகிர் மாதக் கொடியேற்றமும் கந்தூரியும் இன்றும் தொடர்கின்றன. தர்கா வழிபாடு சரியா என்ற வாதமும் கூடவே தொடர்கிறது. அதுவும் ஜுனைத், ஹல்லாஜ் காலத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவில் வரும் வாதம்தான்.

இந்த அறிவை வாங்கிப் பயன்படுத்தியதோடு தமிழர் நின்றுவிடவில்லை. அரபியிலும் தங்கள் மொழியிலும் வளர்த்தார்கள். காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபியில் பாடினார். தக்கலை பீர் முகமது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் சித்தர் மரபின் சொற்களில் ஞானத்தைப் பாடினார்கள். குணங்குடியாரைப் போற்றி நான்மணிமாலை பாடியவர் சரவணப் பெருமாளையர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) சட்டத்தையும் நம்பிக்கையையும் அரபுத் தமிழில், அரபி எழுத்தில் எழுதிய தமிழில், சாமானியரும் வீட்டுப் பெண்களும் படிக்கும்படி எழுதினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் இந்தப் பினாங்கில் இருந்து ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார்.

அந்த அரபுத் தமிழ் நூல்களில் சில பினாங்கிலும் செபராங் பிறையிலும் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். எழுத்து அரபியில் இருப்பதால் பேரப்பிள்ளைகள் அதைக் குர்ஆன் என்று நினைத்து முத்தமிட்டு மேலே வைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கறையான் அரித்துவிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற ஓர் இடத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.