மண் பற்றும் செம்பும் பிசின் பற்றும் குரோமியமும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் மலைச்சாலை, தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தினுள் நுழையும் இடம் போடிமெட்டு. இம்மலைப் பகுதியின் ஏலத் தோட்டங்களில் அழுகல் நோயைத் தடுக்கப் போர்டோக் கலவை தெளிக்கப்படுவதுண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவையிலுள்ள செம்பு, மழையில் கழுவுண்டு தரையை அடைகிறது. இலைமக்கு நிறைந்த மேல்மண் அதன் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்கிறது.

இதன் காரணம் எளிது. நீரில் கரைந்த செம்பு நேர் மின்னேற்றமுள்ள அயனியாகும். மக்கிலும் களிமண்ணிலும் எதிர் மின்னேற்றமுள்ள இடங்கள் உண்டு. அங்குள்ள கால்சியம் முதலியன விலக, செம்பு அமர்கிறது. மண்ணின் இம்மாற்றுப் பண்பைத் தாம்சன், வே என்னும் ஆங்கிலேயர் இருவர் 1850-ல் வெளியிட்டனர். அதே பண்புடைய செயற்கைப் பிசின்களை ஆதம்ஸ், ஹோம்ஸ் ஆகியோர் 1935-ல் உருவாக்கினர்.

ஆனால் எல்லா உலோகங்களையும் மண் இவ்வாறு பற்றுவதில்லை. பாலாற்றுப் படுகையிலுள்ள ராணிப்பேட்டை இதற்குச் சான்றாகும். அங்குக் குரோமேட்டு உப்புகளை உற்பத்தி செய்துவந்த ஆலையொன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. இது புற்றுநோய் விளைவிக்கக் கூடிய நஞ்சு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமேட்டு எதிர் மின்னேற்றமுள்ள அயனியாதலால், மண்ணில் பெரும்பாலும் தங்காமல் நீரோடு நகர்ந்து செல்கிறது.

இதனைப் பிடிக்க, நேர் மின்னேற்றமுள்ள இடங்களைக் கொண்ட பிசின் வேண்டும். கடுகளவும் அதனிற் சிறியவுமான பிசின் மணிகளை உயரமான கலத்தில் நிரப்பி நீரைச் செலுத்தினால், மணிகள் குளோரைடை விடுத்துக் குரோமேட்டை ஏற்கின்றன. நீரிலுள்ள சல்பேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுவதால், உப்பு மிகுந்த நீரில் பிசின் விரைவில் நிறைந்துவிடும். ஆகவே செறிவு மிக்க கழிவுநீரை முதலில் ரசாயன முறையில் வீழ்படிவாக்கித் தெளியவைத்து, எஞ்சும் சிறிதளவு உலோகத்தை நீக்கவே பிசினைப் பயன்படுத்துதல் சிக்கனமாகும்.

நிறைந்த பிசினை உப்புக் கரைசலால் கழுவினால் அது மீண்டும் பயன்படும். ஆனால் குரோமேட்டு முழுவதும் அக்கழுவுநீரில் சேர்ந்துவிடுகிறது. அமிலமும் அன்னபேதியும் இட்டு அதனை நச்சுத்தன்மை மிகக் குறைந்த மூன்று இணைதிறன் வடிவிற்கு மாற்றி, சுண்ணாம்பினால் படியச் செய்து, அப்படிவை நீர் புகாத குழியில் பாதுகாத்தல் வேண்டும். கழுவுநீரைத் தரையில் விடின், நீக்கிய நஞ்சு மீண்டும் கிணற்றையே சேரும்.