எரிவது வைக்கோல் மட்டுமல்ல!

புதுதில்லி: அக்டோபர் மாத இறுதியில் தலைநகரைப் புகை சூழ்வதும், பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் மீது பழி விழுவதும் ஆண்டுதோறும் வாடிக்கையாகிவிட்டது. காற்று மாசு குறித்து எழும் இந்தக் கூக்குரலில், மண்ணுக்கு நேரும் இழப்பு எவர் காதிலும் விழுவதில்லை.

வேரும் தழையும் மட்கி மண்ணில் சேரும் கரிமச் சத்துதான் நிலத்தின் ஈரத்தையும் வளத்தையும் பிடித்து வைக்கிறது. இது 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் "குறைவு" என்பது நமது மண் பரிசோதனைக் கூடங்களின் கணக்கு.

பசுமைப் புரட்சி பஞ்சாப் மண்ணின் கரிமத்தை உறிஞ்சிவிட்டது என்பது பரவலான கருத்து. ஆனால், 2009-ல் வெளியான 25 ஆண்டு கால ஆய்வு இதற்கு மாறான உண்மையைக் காட்டியது. 1981-82-ல் ஒரு கிலோ மண்ணில் 2.9 கிராமாக இருந்த கரிமம், 2005-06-ல் 4 கிராமாக உயர்ந்திருந்தது. நெல், கோதுமை விளைச்சல் பெருகியபோது, மண்ணில் தங்கும் வேரும் அடித்தாளும் பெருகியதே காரணம். எனினும், 4 கிராம் என்பது 0.4 சதவீதம்தான். ஆக, இன்னமும் "குறைவு" நிலையே.

இந்த ஆதாயத்துக்குக் கொடுத்த விலை நிலத்தடி நீர். அதைக் காக்க இரு மாநிலங்களும் 2009-ல் சட்டம் இயற்றி, நெல் நடவைத் தள்ளிவைத்தன. அறுவடையும் தள்ளிப்போனதால், கோதுமை விதைப்புக்கான இடைவெளி சுருங்கியது. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அகற்ற ஆள்கூலியைவிடத் தீக்குச்சி மலிவு. நீரைக் காக்க வந்த சட்டம், மண்ணில் சேர வேண்டிய கரிமம் புகையாவதற்கும் வழி வகுத்தது.

தாளை எரிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. தாளை அகற்றாமலேயே கோதுமை விதைக்கும் "ஹேப்பி சீடர்" போன்ற இயந்திரங்களுக்கு 2018-ல் மத்திய அரசு மானியத் திட்டம் கொண்டுவந்தது. 2015-ல் அறிமுகமான மண்வள அட்டையிலும் கரிமத்தின் அளவு இடம்பெறுகிறது.

ஆனால், நிலத்தில் எதைப் பயிரிடுவது என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை. கொள்முதல் நிலையமே தீர்மானிக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைக்கும் உறுதியான கொள்முதல் மக்காச்சோளத்துக்கோ பயறு வகைகளுக்கோ இல்லை. பாப்லர் மரங்களுக்கிடையே பயிரிடும் வயல்களில் கரிமம் கூடுதலாகச் சேர்வதைப் பஞ்சாபில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், மரம் வளரும் வரை விவசாயி காத்திருக்க முடியுமா?

விளைந்த தானியத்துக்கு விலை தரும் அரசு, மண்ணில் சேரும் கரிமத்துக்கும் ஒரு விலை வைக்காத வரை, தடை உத்தரவுகளால் தீ அணையப் போவதில்லை.