வீடு திரும்பிய பின் பெருகும் உதிரப்போக்கு

சிசேரியன் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தாய்வீட்டில் ஓய்வு, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. ஏறக்குறைய நின்றுவிட்ட உதிரப்போக்கு ஓர் இரவு திடீரெனப் பெருக்கெடுக்கிறது. சற்று நேரத்தில் தானாகவே நின்றும் விடுகிறது. "கெட்ட இரத்தம்தானே, போகட்டும்" என்று பெரியவர்கள் தேற்றுவதுண்டு. அந்தத் தேறுதலை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரம் சில நாட்கள் சிவப்பாகவும், பின்னர் பழுப்பாகவும், இறுதியில் வெளிர்நிறமாகவும் மாறி, 4 முதல் 6 வாரங்களில் நிற்பது இயல்பு. முதல் 24 மணி நேரம் கழிந்த பின், 12 வாரங்களுக்குள் மிகுதியாகப் போனால், பெரும்பாலும் நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கும். அல்லது தொற்று இருக்கும். அரிதாகப் பழுது இரத்தக்குழாயிலேயே இருப்பதுண்டு.

அறுவையின்போது கருப்பைத் தமனியின் சுவரில் சிறு காயம் பட்டால், அதன்வழி கசியும் இரத்தம் அருகிலுள்ள திசுவில் பைபோலத் தேங்கும். அந்தப் பைக்கு உறுதியான சுவர் கிடையாது, எந்நேரமும் உடையலாம். சிலருக்குத் தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய்களின்றி நேரே இணைந்துவிடும். இரண்டிலும் போக்கு விட்டுவிட்டு வந்து, நின்றதுபோல் ஏமாற்றும்.

சாதாரண ஸ்கேனில் அந்தப் பை வெறும் நீர்க்கட்டிபோலத் தோன்றலாம். தமனி சிரை இணைப்போ, தங்கிய நஞ்சுத் துணுக்கெனத் தவறாகக் கருதப்படலாம். அப்படிக் கருதிக் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகக்கூடும். ஆகவே வண்ண டாப்ளர் ஸ்கேன் இன்றியமையாதது. பைக்குள் இரத்தம் சுழல்வது அதில் ஒரு பாதி சிவப்பாகவும் மறு பாதி நீலமாகவும் தெரியும். தேவையெனில் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுக்கப்படும். "டாப்ளர் பார்த்தாயிற்றா?" என்று உறவினர் கேட்பதில் தவறேதுமில்லை.

இதற்குப் பெரும்பாலும் கருப்பையை அகற்ற வேண்டியதில்லை. தொடையிடுக்கை மரத்துப்போகச் செய்து, தமனி வழியே மெல்லிய குழாயைக் கருப்பைத் தமனி வரை செலுத்தி, பழுதான இடத்தை ஜெலட்டின் பஞ்சு, உலோகச் சுருள் அல்லது மருத்துவப் பசையால் அடைப்பர். பிரசவ இரத்தப்போக்குக்கு இம்முறை கையாளப்பட்டது 1979இலேயே மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் கரைந்துவிடும். சிகிச்சைக்குப் பின் அடிவயிற்று வலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாட்கள் இருக்கலாம். படமெடுக்கச் செலுத்தும் அயோடின் மருந்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு மாதவிலக்கு மீண்டும் வரும். பின்னர்க் கருவுற்றோரும் உண்டு. ஆனால் அடுத்த முறை நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இச்சிகிச்சை பெற்றதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறிவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, மயக்கமோ படபடப்போ வந்தாலோ, போக்கு நின்றுவிட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். புறப்படும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்து வாருங்கள்.