முத்திரையா, ஒப்பந்தமா?

ஒரு பொருளின் விலையையும் தரத்தையும் மட்டும் பாராமல், அதைச் செய்தவர்களுக்கு உரிய கூலி கிடைத்ததா, அவர்கள் அச்சமின்றி வேலை பார்த்தார்களா, அதற்காக ஆறும் மண்ணும் கெட்டனவா என்பவற்றையும் எண்ணிப் பார்த்து, நேர்மையாக நடக்கும் நிறுவனங்களிடமே வாங்க முற்படுவதை அறம்சார் நுகர்வு என்பர். பெயர் புதிது, வழக்கம் பழையது. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கான முயற்சி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை அந்நாட்டில் பல்லாயிரம் குடும்பங்கள் கைவிட்டன. பின்னர், 'அடிமைகள் செய்யாதது' என்று எழுதிய கிண்ணங்களில் கிழக்கிந்தியச் சர்க்கரை அவர்களுடைய மேசைக்கு வந்தது. இன்றைய அறமுத்திரைகளுக்கு அக்கிண்ணங்களை முன்னோடி எனலாம். இந்தியாவில் அந்தச் சர்க்கரையைக் காய்ச்சியவர்களின் கூலியைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை என்பது வேறு கதை.

முத்திரைகளின் குறை அன்றுபோலவே இன்றும் தொடர்கிறது. இத்தகைய முத்திரை தருமுன் ஆலையின் வேலைநேரம், கூலி, பாதுகாப்பு ஆகியவற்றை வெளியார் வந்து சோதிப்பது சமூகத் தணிக்கை எனப்படும். ஆனால், சோதனைக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் சோதிக்கப்படும் ஆலையோ அதனிடம் வாங்கும் நிறுவனமோதான் தருகிறது. தணிக்கையாளர் ஓரிரு நாள் வந்து ஏடுகளைப் புரட்டிவிட்டுப் போகிறார். 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பற்றிய ஆடை ஆலையில், வெளிவாயில்கள் பூட்டப்பட்டும் சன்னல்கள் கம்பியிடப்பட்டும் இருந்ததால் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆலைக்கு உலக அளவில் மதிக்கப்படும் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்கதேசத்தின் டாக்கா அருகே சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் உயிரிழந்தனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, மேல்தளங்களில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். எந்தெந்த வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது என்பதை நிறுவ, தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிள்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. யாரிடம் வாங்குகிறோம் என்பதை அந்நிறுவனங்கள் அதுவரை வெளியிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதன் பிறகு மேலை நாட்டு நுகர்வோரும் தொழிற்சங்கங்களும் கொடுத்த நெருக்கடியால், 2013 மே மாதத்தில் கட்டடப் பாதுகாப்புக்கும் தீத்தடுப்புக்குமான உடன்படிக்கை ஒன்று உருவாகி, 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. நிறுவனம் தானாக அறிவித்துக்கொள்ளும் நன்னெறிக் கொள்கையைப் போலன்றி, இது சட்டப்படி கட்டுப்படுத்தியது. சார்பற்ற பொறியாளர்களின் ஆய்வறிக்கைகள் வெளியிடப்பட்டன. சொன்னபடி நடக்காத நிறுவனத்தை நடுவர் மன்றத்துக்கு இழுக்கவும் வழியிருந்தது. அவ்வாறு இழுக்கப்பட்ட ஒரு நிறுவனம் 2018இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இதே வழியில் தமிழ்நாட்டிலும் ஓர் ஒப்பந்தம் உருவானது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டதையும், அவ்வாலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானதையும் அடுத்து, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் அதனிடம் வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. கேப் உள்ளிட்ட நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே எடுத்துப் பயிற்சி தரப்பட்ட கண்காணிப்பாளர்கள் தையல் கூடத்துக்குள் இருந்தார்கள் என்பதும், ஆலை மீறினால் ஆர்டரில் கைவைக்க வாங்கும் நிறுவனம் கடமைப்பட்டிருந்தது என்பதும் இதன் சிறப்பு. ஓரிரு நாள் தணிக்கையாளருக்கு எட்டாததை, பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர் காண்பார்.

ஆகவே, நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பவர் பசுமை இலைச் சின்னத்தையும் இனிய வாசகத்தையும்விட இரண்டு செய்திகளைத் தேடுவது பயனுள்ளது: தனக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பட்டியலை நிறுவனம் வெளியிடுகிறதா, தொழிலாளர் சங்கத்தோடு கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஏதும் செய்திருக்கிறதா. இவ்விரண்டுக்கும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

உள்ளூர்ச் சந்தைக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. மேற்சொன்ன உடன்பாடுகள் ஏற்றுமதியை ஒட்டி எழுந்தவை, கடைத்தெருவில் வாங்கும் பனியனுக்கு அத்தகைய காவல் அரிது. ஆயினும் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் பட்டுப்புடவைகளோடு நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையை இணைத்து விற்றதுண்டு. அந்த அட்டை கூலிக்குச் சான்றாகாது. யார் நெய்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை தருகிறது. அந்தக் கேள்வியை வாசகர் தம் ஊர் ஜவுளிக்கடைக் கவுண்டரிலும் கேட்டுப் பார்க்கலாம்.