உங்களுக்குத் தெரியுமா? மின்தொகுப்புக்குக் கிடைக்கும் அவகாசம் 0.1 நொடி!

இந்தியாவில் பெரிய மின்நிலையங்களின் ஜெனரேட்டர்கள் எல்லாம் 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே தாளத்தில் ஓடுகின்றன. 400 கிலோவோல்ட் பாதையில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால், சுமார் 0.1 நொடிக்குள் அதைத் துண்டித்தாக வேண்டும். தாமதித்தால், வெளியேற வழியில்லாத ஆற்றல் அருகிலுள்ள ஜெனரேட்டரை வேகமெடுக்க வைக்கும்; ஓர் எல்லையைத் தாண்டினால் அது தாளத்துக்குத் திரும்பாது. இந்த லைன் போனால், அந்த நிலையம் நின்றால் என்று ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, அந்த எல்லையைப் பொறியாளர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள். அரிய உழைப்பு அது.

பழுதே இல்லாமலும் தொகுப்பு சரியும். 2012 ஜூலை 30 அதிகாலையில், பினா–குவாலியர் பாதையில் மிகுந்த சுமையைப் பழுதென்று கொண்டு, ரிலே என்னும் பாதுகாப்புக் கருவி அந்தப் பாதையைத் துண்டித்துவிட்டது. சுமை மற்ற பாதைகளுக்குத் தாவ, அவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட, வட மண்டலம் ஏறக்குறைய முழுதும் இருண்டது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி!

தமிழ்நாடு தப்பியது. அன்று தென்மண்டலம் மற்றவற்றோடு நேர்திசை மின்னோட்ட இணைப்புகளால் தொடர்பு கொண்டு, தனித் தாளத்தில் ஓடியதே காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததும் அந்தத் தனிமை முடிந்தது.