அந்திப் பொழுதும் கோழிக்கூடும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்து மாடி வீடுகளில் வாழும் தமிழன்பர்களுக்குக் கோழி வளர்க்கும் எண்ணம் எழ வழியில்லை. ஆனால் நம்மவர் சிலர் நகரின் தெற்கு விளிம்பிலும், ஆற்றுக்கு அப்பால் ஹௌரா மாவட்டத்திலும் வீடு கொண்டிருக்கின்றனர். கொல்லைப்புறம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் நான்கு நாட்டுக்கோழிகளேனும் வாங்கிவிட வேண்டும் என்னும் ஆவல் நமக்கு உடன்பிறந்தது போலும். நாங்களும் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினோம். மார்கழி மாதத்து இரவொன்றில் அவற்றுள் மூன்றை இழந்தோம்.

விடிந்து பார்க்கையில் கூட்டின் கம்பிவலை ஒரு மூலையில் பிய்ந்து கிடந்தது. இறகுகள் குளக்கரை வரையில் சிதறியிருந்தன. அண்டை வீட்டுப் பெரியவர் ஈரமண்ணிற் பதிந்த சுவட்டைக் குனிந்து நோக்கி, "பாக்ரோல்" என்றார். எதிர்வீட்டு இளைஞரோ, இறைச்சித் துண்டில் எலிமருந்தைத் தடவி வைத்தால் தொல்லை ஒழியும் என்றார். பொருள் இழந்தவர்க்கு இவ்வாலோசனை முதலில் இனிக்கத்தான் செய்கிறது. அதனை ஏன் கைவிட்டோம், அதற்கு மாறாக என்ன செய்தோம் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பாக்ரோல் அல்லது மேச்சோ பிடால் என்று வங்காளியர் வழங்குவது மீன்பிடிப் பூனையாகும். வீட்டுப் பூனையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு பருமன், சாம்பல் நிற உடலில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள், குட்டையான வால். விரல்களுக்கிடையே சிறிது சவ்வு உண்டு. நகங்கள் முழுதும் உள்ளடங்கா. நீரில் இறங்கி மீன் பிடிப்பதே இதன் தொழில். ஹௌரா, ஹூக்ளி மாவட்டங்களின் குளங்களும், ஹோக்லா எனப்படும் உயர்ந்த கோரைப் புதர்களுமே இதன் இருப்பிடம். அப்புதர்கள் வெட்டப்பட்டு மனைகளாக மாறும்போது பூனைக்கும் நமக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துவிடுகிறது. கோழி இதற்கு அன்றாட உணவன்று. எளிதிற் கிடைத்தால் விடுவதில்லை, அவ்வளவே.

ஆயினும் எல்லாக் களவையும் இதன் தலையில் ஏற்றுதல் முறையன்று. வங்காளியர் பன்பிடால் என்னும் காட்டுப்பூனையும் கோழி பிடிக்கும். அது செம்மண் நிறமும் நீண்ட கால்களும் உடையது. வால் நுனியில் கருவளையங்கள் இருக்கும். அதன் முதன்மையான உணவு எலியாதலால் நெல் விளைப்போர்க்கு அது நண்பன். பாம் எனப்படும் மரநாய் கூரைவழி வரும். சுவட்டில் நான்கு விரல்கள் இருப்பின் பூனையினம் எனக் கொள்ளலாம். ஐந்து விரல்கள் தெரிந்தால் மரநாயோ கீரியோ ஆகலாம்.

மேற்கு வங்க அரசு 2012-ஆம் ஆண்டில் மீன்பிடிப் பூனையைத் தன் மாநில விலங்காக ஏற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. இதனைக் கொல்வோர்க்கு மூன்று முதல் ஏழாண்டுச் சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, நஞ்சிட்ட இறைச்சியைத் தின்ன வருவது பூனை மட்டுமன்று. தெருநாயும் காகமும் வரும். ஒரு பூனை மடிந்தால் அவ்விடத்திற்கு மற்றொன்று வந்து சேரும். கூடு பிய்ந்தபடியே இருப்பின் யாது பயன்?

குற்றம் உண்மையில் எங்கள் கூட்டிலேயே இருந்தது. கடையில் 'கோழிவலை' என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமற் காப்பதற்கு உரியதேயன்றி, பகை உள்ளே வராமற் காப்பதற்கு உரியதன்று. அதனை நீக்கிவிட்டு, அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைத்த இரும்புக் கம்பிவலையைச் சட்டங்களில் திருகாணி கொண்டு பொருத்தினோம். அரை அங்குலக் கண்ணில் பூனையின் முன்கால் நுழையாது. அடிப்புறத்தில் வலையை ஒன்றரை அடி வெளிநோக்கி மடித்துத் தரையோடு பரப்பிச் செங்கல் அடுக்கினோம். தோண்டும் பிராணி சுவரோரத்திலேயே தோண்டத் தொடங்குமாதலால் அங்கேயே தடைப்படும். கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தையும் வலையால் மூடினோம். பலகை அடித்து அடைத்துவிடலாகாது. வங்கத்துப் புழுக்கத்தில் காற்றின்றிக் கோழிகள் நோயுறும். கதவிற்குக் கொக்கியோடு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். இரவில் தீனியை விட்டுவைத்தால் எலி வரும். எலியைத் தேடிப் பூனை வரும். கூட்டைச் சுற்றிப் பத்தடி வரையில் புதர்களை அகற்றினோம். குளக்கரைக் கோரையை மட்டும் தொடவில்லை. பூனைக்குரிய மீன் அங்கேதானே இருக்கிறது!

இவை அனைத்தினும் மேலானது காலந்தவறாமை. கோழிக்கு இருளிற் பார்வை மிகக் குறைவு. இருந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியோரம் வந்த வெருகுகளுக்கு அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழி ஒன்றைக் காட்டுகின்றார். வெருகு என்பது காட்டுப்பூனையே. வேலியும் மாலையும் என்று புலவர் இடமும் நேரமும் குறித்திருப்பதைக் கண்டு வியந்தோம். அலுவலகத்திலிருந்து நாங்கள் ஏழு மணிக்குத் திரும்பிக் கூட்டை அடைத்து வந்தோம். கொல்கத்தாவிலோ மார்கழியில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. இப்பொழுது பள்ளி விட்டு வரும் எங்கள் மகள் நாலரை மணிக்கு நான்கையும் எண்ணி உள்ளே விட்டுத் தாழிடுகிறாள்.

தை பிறந்த பின் ஒருநாள் விடியலில், கூட்டைச் சுற்றி அதே நான்கு விரற் சுவடுகள் இருமுறை வட்டமிட்டிருந்தன. பின்னர் அவை குளத்துப் பக்கம் சென்றிருந்தன. படித்துறையில் ஒரு கெண்டையின் தலை கிடந்தது.