சத்தத்தைக் குறைத்தால் ‘பேஸ்’ எங்கே போகிறது?

ராத்திரி பத்து மணி. குழந்தை தூங்கியாச்சு. பகலில் ரசித்துக் கேட்ட இளையராஜா பாட்டையே வால்யூம் குறைத்துப் போடுகிறீர்கள். குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால், அந்த பேஸ் கிட்டார் மட்டும் காணோம். ‘ஸ்பீக்கர் போச்சா?’ என்று சந்தேகம் வரும். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. காரணம் நம் காதுதான்.

காது போடும் கணக்கு

கனமான ஒலி, கீச்சென்ற ஒலி எல்லாவற்றையும் காது ஒரே அளவில் உணர்வதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். இன்று ‘ஐ.எஸ்.ஓ. 226’ என்ற சர்வதேசத் தரநிலையே இதற்கு இருக்கிறது.

அதன் 2003-ம் ஆண்டுப் பதிப்பின் கணக்கைப் பார்ப்போம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபலில் ஒலிக்கிறது. அதற்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி கேட்க வேண்டுமானால் சுமார் 102 டெசிபல் தேவை. இப்போது வால்யூமை 40 டெசிபல் குறைக்கிறோம். முதல் ஒலி 40-க்கு வருகிறது. பேஸ் 62-க்கு இறங்குகிறது. ஆனால், சமமாகக் கேட்க பேஸுக்கு 78 டெசிபல் வேண்டும். ஆக, 16 டெசிபல் பற்றாக்குறை. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அமுங்கிப்போவதும் இதனால்தான்.

லவுட்னஸ் பட்டன் எதற்கு?

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்றொரு பட்டன் இருக்கும். மெதுவாகக் கேட்கும்போது பேஸை உயர்த்திக் கொடுப்பதுதான் அதன் வேலை. பலர் அதை எப்போதும் ‘ஆன்’ செய்தே வைத்திருப்பார்கள். வால்யூமை ஏற்றினால் ‘தொம் தொம்’ என்று இரைவது அதனால்தான். யமஹாவின் சில ஆம்ப்ளிஃபயர்களில் அளவை மாற்றித் திருப்பும் லவுட்னஸ் குமிழ் உண்டு. ‘ஆடிஸி டைனமிக் ஈக்யூ’ உள்ள ஏ.வி. ரிசீவர்கள் வால்யூமுக்கு ஏற்பத் தானாகவே சரிசெய்கின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பேஸ் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். வால்யூமைக் கூட்டும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள். பேஸை 10 டெசிபல் கூட்டினால், அந்த ஒலிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு மின்திறன் தர வேண்டும். மெல்லிய சத்தத்தில் அது தாங்கும். பெரிய சத்தத்தில் ஒலி சிதையும், ஸ்பீக்கரும் பழுதாகலாம்.

* ஸ்பீக்கரைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். காசில்லாமல் பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும்.

* டி.வி.யில் உள்ள ‘நைட் மோடு’ இதற்கானது அல்ல. பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதே அதன் வேலை.

* பேஸ் ஒலி சுவர் தாண்டிப் போகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கதவை மூடிவிட்டு, வெளியே நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: ‘பேஸ் பத்தலை’ என்று மொத்த வால்யூமையும் ஏற்றுவது. ஹெட்போனில் பாட்டு கேட்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரமும் வேகமாகக் குறையும். போன பேஸைத் திரும்பக் கொண்டுவர ஒரு குமிழ் போதும். போன காதுக்கு அப்படி ஒரு குமிழ் கிடையாது.